கடைசிச் சரணத்துக்கு முன்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் இசைக் கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு இடப்பக்கம் அமர்ந்திருக்கும் பாட்டு நிறுவனத்தின் நிர்வாகி அவர்களே, நம்மை விட்டுப் பிரிந்த மெட்டுக்காரருடைய மெட்டுகளை ஊரெங்கும் கொண்டு சேர்த்த பாடகி அம்மா அவர்களே, முன்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும், கூடப்பிறந்தவருக்கு மட்டுமல்லாமல் எங்கள் எல்லோருக்குமே அக்காவான அக்கா அவர்களே, இன்றைய பதிவுகளை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் வாத்தியக்காரர்களே, உட்கார இடமில்லாமல் வாசல் வரைக்கும் நின்றுகொண்டிருக்கும் அன்பர்களே! உங்கள் அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு வணக்கம் சொல்கிறேன்.

நான் பேச்சாளன் இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் நிற்பவர் பாடுவதைப் பதிவு செய்வது என் பிழைப்பு. மைக்குக்கு முன்னால் வருகிறவர்களை எல்லாம் 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கொஞ்சம் கிட்ட வாங்க' என்று வாழ்நாள் முழுக்க விரட்டிய எனக்கே இன்று எங்கே நிற்பது என்று தெரியவில்லை. பெற்றவர்கள் எனக்கு நல்ல பெயராகத்தான் வைத்தார்கள். ஆனால் 'காது' என்று கேட்டால்தான் என்னை யாருக்கும் தெரியும். அந்தப் பெயரைச் சூட்டியவர் நம் மெட்டுக்காரர். அவர் வைத்த பட்டப்பெயர் யாருக்கும் ஒட்டாமல் போனதில்லை.

மெட்டுக்காரர்! பாட்டை எழுதியதும் அவர், மெட்டுப் போட்டதும் அவர். காதலிக்கத் தொடங்கியவன் அவர் பாட்டைப் பாடினான். காதல் முறிந்து படுக்கையில் கிடந்தவனும் அவர் பாட்டையே பாடினான். பேருந்தில் அவர் பாட்டு, முடி திருத்தும் கடையில் அவர் பாட்டு, பல் பிடுங்கக் காத்திருக்கும் அறையில்கூட அவர் பாட்டு! ஊரே பாடியது. நான் ஒன்று கேட்கிறேன். ஊரே பாடிய அந்தப் பாட்டுகளில் ஏதாவது ஒன்றில் அவருடைய குரலைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டவர்கள் கை தூக்குங்கள். பாருங்கள், ஒரு கையும் எழவில்லை.

அவர் போன மறுவாரம் அக்கா எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார்கள். தையல் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்கள், குடிக்கவில்லை.

"தம்பி, அவன் குரல் உங்க கிட்ட எங்கயாவது இருக்கா? வீட்ல போட்டோ இருக்கு, சட்டை இருக்கு, செருப்புகூட இருக்கு. குரல் மட்டும் இல்ல. எனக்கு மறந்துடுமோன்னு பயமா இருக்கு தம்பி."

நண்பர்களே, காது என்று பெயர் வாங்கியவன் நான். அத்தனை வருஷம் அந்தக் குரலைக் கேட்டவன் நான். 'இல்லக்கா' என்றுதான் சொன்னேன். ஏன் இல்லை என்பதை இந்தச் சபைக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

எங்கள் தொழிலில் 'டிராக் பாடுவது' என்று ஒன்று உண்டு. பாடகர் வருவதற்கு முன்னால், பாட்டை உருவாக்கியவர் தானே ஒரு முறை பாடிப் பதிந்துவைப்பார். பாடகர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் பாடுவார். பாடி முடித்த பிறகு அந்த டிராக் குரலுக்கு வேலை இல்லை. கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவது போல, எடுத்துவிடுவோம். சில இசையமைப்பாளர்கள் அதை ஆசையாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவார்கள். நம்மவர் அப்படியல்ல. என் தலைக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார்.

"அழிச்சாச்சா காது?"

"அழிச்சாச்சுண்ணே."

"எங்க, போட்டுக் காட்டு."

எதைப் போட்டுக் காட்டுவது? இல்லாததைப் போட்டுக் காட்டுவேன். இரண்டு பேரும் உட்கார்ந்து மௌனத்தைக் கேட்போம். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கிளம்புவார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஏன் அப்படி ஒரு வெறுப்பு? சின்ன வயதில் முதல் பாட்டை எடுத்துக்கொண்டு அவர் ஒரு நிறுவனத்துக்குப் போனார். இன்று மேடையில் இருக்கும் நிர்வாகியின் நிறுவனம் இல்லை, அது எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அங்கே இருந்தவர் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுவிட்டு, 'பாட்டு பிரமாதம், குரல் வேண்டாம்' என்றார். ஒரே வாக்கியம். பாராட்டும் அதிலேயே இருந்தது, அடியும் அதிலேயே இருந்தது. நாமாக இருந்தால் பாராட்டை எடுத்துக்கொண்டு மற்றதைக் காற்றில் விட்டிருப்போம். அவர் மற்றதை எடுத்துக்கொண்டார். பிறந்தநாளில் பாடச் சொன்னாலும் உதட்டைத்தான் அசைப்பார். அக்காவோடு தொலைபேசியில் பேசினால் 'ம்', 'சரி', 'வந்துட்டேன்'. அதற்குமேல் போகாது.

அவர் குடித்தார். இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று சிலர் நெளிவது தெரிகிறது. சொல்லாவிட்டால் நான் வேறு யாரைப் பற்றியோ பேசியதாக ஆகிவிடும். குடித்தார், மாதக்கணக்கில் வீட்டுக் கதவைத் திறக்காமல் கிடந்தார், ஒத்துக்கொண்ட பதிவுக்கு வராமல் வாத்தியக்காரர்களைக் காக்கவைத்தார், வந்த அன்று என்னோடு சண்டை போட்டார். ஒரு முறை ஹெட்போனைத் தூக்கி எறிந்து என் தேநீர்க் கோப்பையை உடைத்தார். நானும் லேசுப்பட்டவன் இல்லை, நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆனால் ஒன்று தெரியுமா? அவர் வாயில் 'மன்னிச்சுடு' என்ற சொல் வரவே வராது. சண்டை போட்ட மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து, கூடத்தில் தாறுமாறாகக் கிடக்கும் வயர்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஆணியில் மாட்டி வைத்துவிட்டுப் போய்விடுவார். நாங்கள் உள்ளே நுழையும்போது சுவரைப் பார்ப்போம். வயர் சுற்றியிருந்தால் அண்ணனுக்குக் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். எங்கள் டிரம்ஸ்காரர் சொல்வார், 'அண்ணனோட வாரம் ஒரு சண்டை போட்டாத்தான்யா இந்த இடம் சுத்தமா இருக்கும்' என்று. இப்போது அந்த வயர்கள் எப்படிக் கிடக்கின்றன என்று கேட்காதீர்கள். எங்களுக்கு அதைச் சுற்ற மனசு வரவில்லை.

மனம் தாங்காமல் ஒரு தடவை மருத்துவமனையில் சேர்ந்தார். தானாகவே போய்ச் சேர்ந்தார், அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் வானொலி ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அவருடைய பாட்டே வந்திருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, 'இந்தப் பாட்ட எவன் எழுதினானோ, அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா' என்றாராம். ஏன் என்று இவர் கேட்டிருக்கிறார். 'பல்லவில அழ வச்சுட்டு, சரணத்துல வேற எங்கயோ ஓடிடறான்யா. அழுதவன் அங்கயே நிக்கிறான்!' என்று பதில் வந்திருக்கிறது. இவர், 'நீங்க சொல்றது சரிதான், அவன் அப்படிப்பட்ட ஆள்தான்' என்றாராம். தான் யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. வீடு திரும்பியதும் என்னிடம் வந்து சொன்னார்:

"காது, எனக்குக் கிடைச்ச ஒரே நல்ல விமர்சனம் அங்கதான் கிடைச்சுது. ஓடக் கூடாதாம். நிக்கணுமாம்."

அந்தப் பக்கத்துக் கட்டில்காரர் இதோ, நான்காவது வரிசையில் இருக்கிறார். பத்திரிகையில் புகைப்படம் பார்த்துத்தான் அவருக்கு உண்மை தெரிந்தது. ஐயா, அழாதீர்கள். நீங்கள் திட்டியதால் பிறந்ததுதான் அவருடைய ஆகச் சிறந்த பாட்டு.

எந்தப் பாட்டைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் விளக்கைப் போட்டுவிட்டு யாருக்காகவோ காத்திருக்கும் அந்தப் பாட்டு. கடைசிச் சரணத்துக்கு முன்னால் வாத்தியம் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். ஒன்றும் இருக்காது. மூச்சு முட்டுகிற அளவுக்கு ஒன்றும் இருக்காது. பிறகு பாடகி அம்மாவின் குரல் தனியாக வரும். கச்சேரி மேடைகளில் ஆயிரம் பேர் அந்த இடத்தில் கைதட்டலை நிறுத்திவிட்டுக் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஓடாமல் நின்ற பாட்டு அது!

அதைப் பதிந்த நாளைச் சொல்கிறேன். அவர் குடியை விட்டிருந்த காலம். முகம் தெளிந்திருந்தது. பகல் வெயில் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே விழுந்திருந்தது. அந்த இடைவெளியில் வாத்தியம் எதுவும் இல்லாததால் பாடகி அம்மாவுக்குச் சுருதி தவறிவிடும் என்று, டிராக்கில் அந்த இடம் முழுக்க இவரே மெட்டை முனகி வைத்திருந்தார். கூடவே சரணத்தின் முதல் வரியையும் ஒரு முறை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார், அம்மா மறக்காமல் இருக்கட்டும் என்று. பாடகி அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஹெட்போனில் ஒரு பக்கத்தைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் தள்ளிவிடுவார். தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்பார். நான் கண்ணாடியைத் தட்டி, 'ரெண்டு காதையும் மூடுங்கம்மா, உள்ள இருக்கிற சத்தம் மைக்ல கசியும்' என்று கத்துவேன். 'கசியட்டும் விடுப்பா, நம்ம அண்ணன் சத்தம்தானே!' என்பார். நினைவிருக்கிறதா அம்மா?

பாட்டு முடிந்தது. வழக்கம்போல டிராக் குரலை அழித்தோம், வழக்கம்போல இருவரும் மௌனத்தைக் கேட்டோம். பிறகு நான் அந்த இடைவெளியில் மிஞ்சியிருந்த லேசான இரைச்சலையும் சுத்தமாகத் துடைத்துப் பார்த்தேன். ஏனோ பாட்டே செத்துப்போனது போல இருந்தது. துடைத்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன், உயிர் வந்தது. 'அறையோட காத்துண்ணே, அது இருக்கட்டும்' என்றேன். 'ஆமா, காத்து இருந்தா நல்லாத்தான் இருக்கு' என்று அவரும் சொன்னார். உலகத்திலேயே அந்தக் குரலை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் நாங்கள். இரண்டு பேரும் அதைக் காற்று என்று நினைத்தோம்! கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவன் கதைதான்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். அஞ்சலியாக அவருடைய பாட்டுகள் அனைத்தையும் புதுப்பித்து வெளியிட நிறுவனம் முடிவு செய்தது. நல்ல எண்ணம், நான் குறை சொல்லவில்லை. இரைச்சல், கீறல், கசிவு எல்லாவற்றையும் நீக்கிப் பளிச்சென்று ஆக்கித் தரும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். கணினி அதற்கென்றே இருக்கிறது. எங்கெங்கே அழுக்கு இருக்கிறதோ, அங்கெல்லாம் அது சிவப்பாகக் காட்டும். ஒரு பொத்தானைத் தட்டினால் போய்விடும். அந்தப் பாட்டு வந்தபோது இடைவெளி முழுவதும் சிவப்பாக நின்றது. வெறும் காற்று ஏன் இவ்வளவு சிவப்பாக இருக்கிறது? சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். முழுதாகக் கூட்டிவிட்டு, காதை ஒலிபெருக்கியோடு ஒட்டவைத்துக்கொண்டேன்.

அவர்தான்! முனகுகிறார். மெட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல முனகுகிறார். பிறகு அந்த ஒற்றை வரியைப் பாடுகிறார். பாடகி அம்மா தள்ளிவைத்த ஹெட்போனிலிருந்து கசிந்து, மைக்கில் விழுந்து, பாட்டோடு பாட்டாக ஊரெல்லாம் போயிருக்கிறது அந்தக் குரல். பேருந்திலும் முடி திருத்தும் கடையிலும் நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நெஞ்சை ஏதோ செய்கிறதே, என்னவென்று தெரியவில்லையே என்றீர்களே, அது இதுதான். குரல் வேண்டாம் என்றார்களே, அந்தக் குரல்தான்!

அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஹெட்போனை அவர்கள் தலைக்குத் தக்கபடி சரிசெய்து மாட்டிவிட்டேன். போட்டேன். அழுவார்கள் என்று நினைத்துத் தண்ணீரை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அழவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்கள். 'இன்னொரு தடவ போடு தம்பி' என்றார்கள். மறுபடியும் போட்டேன். கடைக்கு வந்த துணியில் குறை கண்டுபிடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்கள்:

"இவனுக்கு மூக்கடைச்சிருக்கே! சளி பிடிச்சிருக்கு. எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல பாரு."

ஹெட்போனைக் கழற்றாமலே என் பக்கம் திரும்பினார்கள்.

"தம்பி, வெந்நீர் குடிச்சானா அவன்? பச்சத் தண்ணியில குளிக்காதேன்னு சொன்னா கேக்க மாட்டான். நீயாவது சொல்லக் கூடாதா?"

கேட்டுவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பாடும் அறை காலியாகத்தான் இருந்தது. எனக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் அங்கே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பார் என்றுதான் தோன்றியது. அன்றிலிருந்து எனக்கு அந்த மனுஷனைப் பார்க்க வேண்டும் போலவே இருக்கிறது. தொழில் வழக்கப்படி அழித்தேன், அவர் சொல்லி அழித்தேன், அதில் எனக்கு மன உறுத்தல் இல்லை. ஏக்கம்தான் இருக்கிறது. ஒரு பதிவை, ஒரே ஒரு பதிவை, அவர் பேச்சைக் கேட்காமல் ஒளித்து வைத்திருக்கலாமே என்ற ஏக்கம்.

நிர்வாகி அவர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். அந்த இடைவெளியைத் துடைக்காமல் விடலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். 'சார், கசிவுன்னா கசிவுதான், கேக்குறவங்க பதிவு சரியில்லன்னு நினைப்பாங்க, தயவுசெஞ்சு சுத்தம் பண்ணிக் குடுங்க' என்றீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னீர்கள். நீங்கள் நல்லவர். அவர் மருத்துவமனையில் கிடந்தபோது பழத்தோடு போய்ப் பார்த்தவர் நீங்கள். ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஒரு மனிதனுக்கு அஞ்சலி செலுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவனிடத்தில் மிஞ்சிய கடைசி மூச்சையும் துடைத்தால் அதற்குப் பெயர் என்ன? அழுக்கென்று கணினி சொல்லலாம். அதற்கு அக்கா இல்லை, தம்பி இல்லை, அது சொல்லிவிட்டுப் போகட்டும். நாமும் சொல்லலாமா? நான் அந்தப் பொத்தானைத் தட்ட மாட்டேன். நான் தட்டாவிட்டால் வேறொருவர் தட்டுவார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிடுங்கள்.

தலையாட்டுகிறீர்களா? எனக்குத் தெரிகிறது, வாசலில் நிற்பவர்களுக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் நன்றாக ஆட்டுங்கள். நன்றி! வாழ்க நீங்கள்! அக்கா, பார்த்தீர்களா? இத்தனை பேர் சாட்சி.

இனி நாங்கள் செய்ய வேண்டியது. ஒலிப்பதிவுக் கூடத்துத் தோழர்களின் சார்பில், மெட்டுக்காரரின் படத்துக்கு முன்னால் நின்று உறுதி சொல்கிறேன். இனி எங்கள் கூடத்தில் டிராக் பாடுகிறவர் எவராக இருந்தாலும், அவர் குரல் அழிக்கப்படாது. அவரே காலில் விழுந்து கெஞ்சினாலும் அழிக்கப்படாது! பாட்டோடு தைரியமாக வருகிற பிள்ளைகளிடம், 'குரல் வேண்டாம்' என்ற சொல்லை எங்களில் எவரும் சொல்ல மாட்டோம். மனம் உடைந்து பதிவுக்கு வராமல் போகிறவரை, திட்டிவிட்டு வேறு ஆள் பார்க்காமல், வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டுவோம். அவருக்கு இதையெல்லாம் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம். இனி வருகிறவர்களுக்குச் செய்வோம்.

அடுத்து மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. தலைவர் அவர்கள் அனுமதித்தால், அந்த மௌனத்தில் கொஞ்சம் எனக்குக் கடன் கொடுங்கள். நன்றி ஐயா.

மண்டபக்காரரே, மின்விசிறிகளை எல்லாம் நிறுத்துங்கள். வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்பவர்கள் உள்ளே வந்து கதவைச் சாத்துங்கள், தெருச் சத்தம் வருகிறது. கைப்பேசிகளை அணைத்துவிடுங்கள். இருமல் இருப்பவர்கள் இப்போதே இருமிவிடுங்கள். யாராவது அக்காவின் நாற்காலியைத் தூக்கி இந்த ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போடுங்கள். வாங்கக்கா, இங்க உக்காருங்க. இன்னும் கிட்ட.

அழுகிறவர்கள் சத்தமில்லாமல் அழுங்கள். அண்ணன் பாடப் போகிறார்.